கைநாட்டு முதல் கைப்பேசி வரை



நம் தோட்டப்புறங்களில் 'கைநாட்டு' என்று ஒருவரைச் சொன்னால் அது மதிப்பான பேச்சன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது அதன் பொருள். சம்பள நாளில் கிராணியார் மேசையின் மேல் மைப்பெட்டி இருக்கும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வரிசையில் நின்று, இடக்கைப் பெருவிரலை மையில் ஒற்றிப் பட்டியலில் பதித்துவிட்டுக் கூலியை வாங்கிச் சென்றார்கள். அந்த மைக்கறையை அவர்கள் ஒரு குறையாகவே எண்ணினார்கள். ஆனால் உலகத்தின் நீதிமன்றங்கள் இன்று பெரிதும் நம்புகின்ற சாட்சிகளுள் ஒன்று அந்தப் பெருவிரல்தான். அது எப்படிச் சாட்சியாயிற்று, அதன் வழி வந்த விசாரணைக் கலை எவ்வாறு வளர்ந்து இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி வரை வந்து சேர்ந்தது, அதனால் நம் குடும்பங்களுக்கு வரும் நன்மை என்ன, ஆபத்து என்ன என்பவற்றை இன்றைய உரையில் காண்போம்.

கதை இந்தியாவில், வங்காளத்தில் தொடங்குகிறது. 1858-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜங்கிப்பூர் என்ற ஊரில் பணியாற்றி வந்தார். சாலை போடச் சரளைக் கற்கள் தருவதற்கு ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். பின்னாளில் 'இது என் கையெழுத்தன்று' என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில், உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதிக்கச் செய்தார். ஆள்வோருக்குக் குடிமக்கள்மீது இருந்த அவநம்பிக்கையில் இந்த முறை பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பின்னர் 1877-இல் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகியோரின் விரல் ரேகைகளை அவர் முறையாகப் பதிவு செய்யலானார்.

ரேகையைப் பதிவது எளிது, தேடுவதுதான் கடினம். பல்லாயிரம் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்போது, அவற்றுள் ஒருவருடைய தாளை எப்படிக் கண்டெடுப்பது? இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் வங்காளக் காவல் துறையில் எட்வர்டு ஹென்றி என்ற தலைமை அதிகாரியின் கீழ்ப் பணியாற்றிய இரண்டு இந்தியர்கள். ஒருவர் அஜிஜுல் ஹக்; மற்றவர் ஹேமச்சந்திர போஸ். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்து, எந்தெந்த விரலில் சுழி இருக்கிறது என்று பார்த்து, எல்லாத் தாள்களையும் 1024 அறைகளில் வகைப்படுத்தும் முறை அங்கே உருவாயிற்று. 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் தொடங்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல், லண்டன் காவல் துறை அதே முறையைத் தனதாக்கிக் கொண்டது. உலகம் அதனை ஹென்றி முறை என்றே அழைத்தது. கணக்கு வேலையைச் செய்த இரண்டு இந்தியர்களின் பெயர்கள் வெளிச்சத்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

தோட்டத்து மக்களாகிய நாம் குறிப்பாக அறிய வேண்டிய வழக்கொன்று அக்காலத்தில் நடந்தது. வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை தம் படுக்கையில் கொலையுண்டு கிடந்தார். பெட்டியிலிருந்த பணத்தைக் காணவில்லை. சந்தேகம் முதலில் யார்மீது விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? துரை கடுமையாக வேலை வாங்குபவர். ஆகவே தோட்டக் கூலிகளில் ஒருவர்தாம் செய்திருக்க வேண்டும் என்றனர் சிலர். சமையற்காரரின் உடையில் இரத்தக் கறை இருந்ததால் அவரைச் சிலர் சுட்டினர். அந்த வழியாகச் சென்ற நாடோடிக் கூட்டத்தின்மீதும் ஐயம் எழுந்தது. ஆனால் துரையின் பொருள்களுக்கிடையே கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் பழுப்பு நிறத்தில் மங்கலான விரல் அடையாளம் இருந்தது. கல்கத்தா நிலையத்தில் அதனை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது காங்காலி சரண் என்பவனின் பெருவிரல். முன்பு அதே துரையிடம் வேலைக்காரனாக இருந்து, திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்று, தன் ரேகையை அங்கே பதித்துவிட்டு வந்தவன் அவன்.

1898-இல் வழக்கு முடிந்தது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கவில்லை. அவன் அந்த அறைக்குள் வந்தான், அந்தப் பொருளைத் தொட்டான் என்பதை ரேகை காட்டிற்று. கத்தியைப் பிடித்தவனும் அவன்தான் என்று சொல்ல வேறு சாட்சி இல்லை என்று கருதினார்கள். இந்தத் தீர்ப்பில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களின் தலைக்கு மேல் தொங்கிய பழியைத் துடைத்தது ஒரு தடயம். மற்றொன்று, தடயம் சொல்லாததைத் தடயத்தின் வாயில் நாம் திணிக்கக் கூடாது. இனி நான் சொல்லப் போகும் செய்திகள் அனைத்துக்கும் இந்த இரண்டு பாடங்களே அடிப்படை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, மலாயாவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை பிறந்தது. புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு அப்போது வந்ததே. நகரங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் வரிசையில் நின்று ரேகை பதித்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர், காகிதங்களைத் தொலைத்தவர், சிவப்புக் கார்டோடு நெடுங்காலம் அலைந்தவர் என்று நம்மவர் பட்ட பாடு உங்கள் இல்லங்களிலேயே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பிறகு 2001-இல் மைகார்டு வந்தது. முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் அது வழங்கப்படத் தொடங்கிற்று. அந்த அட்டையில் பொன்னிறத்தில் ஒரு சிறு சில்லு பதிந்திருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? நம் இரண்டு பெருவிரல்களின் ரேகைக் குறிப்புகளும் அதற்குள் எண்களாக மாற்றப்பட்டு இருக்கின்றன. வங்கியிலோ தேசியப் பதிவு அலுவலகத்திலோ நாம் கண்ணாடிமேல் விரலை வைக்கும்போது, ஒரு பொறி அந்த எண்களையும் நம் விரலையும் ஒப்பிடுகிறது. மையும் தாளும் போய், ரேகையே கணினிக்குள் புகுந்துவிட்டது.

மனிதரின் ரேகை கணினிக்குள் புகுந்த அதே காலத்தில், கணினியும் தன் ரேகைகளை எங்கும் விட்டுச் செல்லத் தொடங்கிற்று. யார் யாரை எப்போது அழைத்தார், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போயிற்று, எந்தப் படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் பதிவாகிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனம் 1984-லேயே கணினிச் சாட்சியங்களை ஆராய ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கலை வளர்ந்து இன்று மின்னியல் தடயவியல் என்ற தனித்துறையாகியுள்ளது.

நம் நாட்டின் சட்டமும் அதற்கேற்ப மாறிற்று. 1993-இல் 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி தன் வழக்கமான பயன்பாட்டின்போது உண்டாக்கிய பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்கலாம். அதற்குப் பொறுப்பானவர் சான்றிதழ் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் இதனை விளக்கிற்று. பொறுப்பான அலுவலர் நேரில் வந்து வாய்மொழியாகச் சாட்சி சொன்னால் சான்றிதழ் இல்லாமலும் போதும் என்றது. அதே 1997-இல் கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் மட்டும் போதுமா? ஆராயும் கைகளும் வேண்டும். 1997-இல் மைசெர்ட் என்ற கணினி அவசர உதவிக் குழு அமைந்தது. அந்தப் பணி வளர்ந்து, 2007 முதல் சைபர்செக்யூரிட்டி மலேசியா என்ற பெயரில் இயங்குகிறது. அதற்கு ஒரு மின்னியல் தடயவியல் ஆய்வுக்கூடம் உண்டு. அரச மலேசிய போலீஸ் படைக்கும் செராஸில் தடயவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் அலுவலகம் இருப்பது சைபர்ஜெயாவில். சைபர்ஜெயாவும் அதன் பக்கத்தில் உள்ள புத்ராஜெயாவும் எழுந்த நிலம் தோட்ட நிலம். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் காட்டை அழித்து உண்டாக்கிய பெராங் பெசார் தோட்டத்தின்மேல்தான் புத்ராஜெயா நிற்கிறது. பெராங் பெசார் என்றால் பெரும்போர். பால்மரம் வெட்டியவர்களுக்குப் பி.பி. 86, பி.பி. 260 என்ற மர ரகங்களைத் தெரியும். அந்த இரண்டு எழுத்துகளும் பெராங் பெசாரின் முதலெழுத்துகளே. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பக்கம் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். நம்மவர் வியர்வை சிந்திய வட்டாரத்தில் இன்று கைப்பேசிகளின் இரகசியங்களைத் திறக்கும் ஆய்வாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்த நாற்காலிகளில் அமர வேண்டாமா?

சரி, அந்த ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களுடைய வேலைமுறையைப் படிப்படியாகப் பார்ப்போம். அது நமக்குப் புதியதன்று. வெளிக்காட்டில் வெட்டிய பாலை ஆலைக்குக் கொண்டு சேர்க்கும் முறையை நினைத்துக் கொள்ளுங்கள். மரத்திலிருந்து கோப்பைக்கு, கோப்பையிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்கு என்று பால் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நிறுக்கிறார்கள், பெயரை எழுதுகிறார்கள். இடையில் யாருடைய கையில் இருந்தது என்பது தெரிய வேண்டும். தடயமும் அப்படியே. எந்த நாளில், எந்த மணியில், யாரிடமிருந்து, யார் வாங்கினார், எங்கே பூட்டி வைத்தார், யார் எடுத்தார் என்ற பொறுப்புத் தொடர் ஓரிடத்திலும் அறுந்துவிடக் கூடாது. அறுந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இடத்தைத்தான் பிடித்துக் கொள்வார்.

முதற்படி, கைப்பற்றுதல். கைப்பேசி கிடைத்தவுடன் அதனை வெளியுலகத் தொடர்பிலிருந்து துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றவாளி தொலைவிலிருந்தே அதிலுள்ளவற்றை அழித்துவிட இடமுண்டு. அதற்காக, வானொலி அலைகள் நுழைய முடியாத ஒரு பையில் அதனைப் போடுகிறார்கள். மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயரால் அது ஃபாரடே பை எனப்படுகிறது.

இரண்டாம் படி, நகல் எடுத்தல். நல்ல ஆய்வாளர் மூலப் பொருளில் கைவைத்து ஆராயமாட்டார். ஒரு கணினியை வெறுமனே திறந்து பார்த்தாலே அதிலுள்ள பல கோப்புகளின் தேதிகள் மாறிவிடும். ஆகவே எழுத்துத் தடுப்பான் என்ற கருவியை இடையில் வைத்து, வட்டிலுள்ளதை ஓர் அணுவும் விடாமல் நகலெடுக்கிறார்கள். படிக்கலாம், எழுத முடியாது என்பதே அந்தக் கருவியின் வேலை. கைப்பேசி விஷயத்தில் இவ்வளவு தூய்மையாகச் செய்வது எப்போதும் முடிவதில்லை. அப்போது தாம் செய்த ஒவ்வொன்றையும் ஆய்வாளர் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாம் படி, முத்திரை. நகலும் மூலமும் ஒன்றே என்பதற்கு என்ன உறுதி? பாலில் தண்ணீர் கலந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அளவுகோலை விட்டுப் பார்த்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். கணினிக் கோப்புக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு முறையில் செலுத்தினால், நீண்டதோர் எண் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இதனைக் கோப்பின் கைரேகை என்றே அத்துறையினர் அழைக்கிறார்கள்! முன்பு எம்.டி.5 என்ற கணக்கு முறை பெருவழக்காக இருந்தது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்ய இயலும் என்பதை 2004-இல் சீனாவின் வாங் சியாவோயுன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஆகவே இப்போது 64 குறியீடுகள் கொண்ட எண்ணைத் தரும் ஷா-256 போன்ற வலுவான முறைகளை நாடுகிறார்கள்.

நான்காம் படி, ஆராய்தல். இதற்குப் பல மென்பொருள்கள் உள்ளன. என்கேஸ், எஃப்.டி.கே., கைப்பேசிகளுக்கான செலிபிரைட் ஆகியவை விலை கொடுத்து வாங்குபவை. ஆட்டோப்சி என்பது எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. அழித்த செய்திகளையும் இவை சில வேளைகளில் மீட்கும். எப்படி என்று கேட்கிறீர்களா? செக்ரோல் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டால், உள்ளே அவருடைய பேர் விழுந்த பக்கம் உடனே மறைந்துவிடுமா? புதிதாக ஒருவரின் கணக்கை அதன்மேல் எழுதும் வரை பழையது இருக்கும். கணினி வட்டும் அவ்வாறே. ஆயினும் புதிய கைப்பேசிகளில் எல்லாம் பூட்டுமொழியில் எழுதப்படுவதால், அழித்தது திரும்பாமலே போவதும் உண்டு.

அமெரிக்காவில் விச்சிட்டா நகரத்தில் பல ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்த தொடர் கொலைகாரன் ஒருவன், 2005-இல் காவல் துறைக்குச் சவால்விட்டு ஒரு கணினி வட்டை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு கோப்பின் குறிப்பில், ஒரு தேவாலயத்தின் பெயரும் டென்னிஸ் என்ற பெயரும் இருந்தன. சில நாள்களில் அவன் பிடிபட்டான். முப்பது ஆண்டுப் புதிரை ஒரு சிறு குறிப்பு அவிழ்த்தது.

ஆராயும்போது நேரம் மிக முக்கியம். 1982-ஆம் ஆண்டின் முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கைப்பேசிச் செயலிகள் பலவும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதனினும் எட்டு மணி முந்தியது. இதைக் கவனியாமல் ஒருவர் அறிக்கை எழுதினால், இரவில் வீட்டில் உறங்கியவரைப் பகலில் குற்றம் நடந்த இடத்தில் நிறுத்திவிடலாம்!

ஐந்தாம் படி, அறிக்கையும் சாட்சியமும். 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பங்சாரில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு பெண் கடத்தப்பட்டுக் கொலையுண்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. அந்த வளாகத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதில் 90ஏ பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறினவா என்ற கேள்வி, 2009-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பட்டது. படம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று நீதிமன்றம் விட்டுவிடுவதில்லை. அந்தப் பொறி ஒழுங்காக இயங்கிற்றா, யார் அதற்குப் பொறுப்பு என்றும் கேட்கிறது. பெரிய இடத்து வழக்குகளிலும் இதே முறைதான். எஸ்.ஆர்.சி. நிறுவன வழக்கில் 2019-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தின் முன், வங்கி அலுவலர் ஒருவரின் பிளாக்பெர்ரி உரையாடல்கள் வைக்கப்பட்டு அலசப்பட்டன.

தடயம் எதுவரை பேசும், எங்கே வாய் மூடும் என்பதற்கு எம்.எச். 370 விமானம் ஒரு பெரிய எடுத்துக்காட்டு. 2014 மார்ச் 8-ஆம் நாள் 239 பேருடன் அது மறைந்தது. அதன் தலைமை விமானி ஷா ஆலாமில் உள்ள தம் வீட்டில் வைத்திருந்த விமானப் பயிற்சிக் கணினியைப் போலீசார் கைப்பற்றி ஆராய்ந்தார்கள். 2,700-க்கும் மேற்பட்ட இடக்குறிகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை விளையாட்டு மென்பொருளோடு வந்தவையே. ஆனால் ஏழு குறிகளை ஒன்றோடொன்று இணைத்தால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குப் போகும் பாதை ஒன்று உருவாயிற்று. உலகம் பரபரத்தது. அந்தக் குறிகள் ஒரே கோப்பிலிருந்து வந்தவையா, பல கோப்புகளின் துண்டுகளா என்று தீர்மானிக்க இயலவில்லை என்று ஆய்வறிக்கை எழுதிற்று. விமானத்தின் முடிவுக்கு அந்தக் கணினி தெளிவான விடை தரவில்லை. 2018-இல் வெளியான விசாரணை அறிக்கையும் மறைவின் காரணத்தைத் திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை என்றே முடிந்தது. கிடைத்ததைச் சொல்லி, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதுவதே நேர்மையான ஆய்வு. ஜல்பாய்குரித் தீர்ப்பில் நாம் கண்ட பாடம் இதுவே அன்றோ?

அன்பர்களே, இவையெல்லாம் பெரிய ஊர்க் கதைகள். நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். இன்று தோட்டத்து வீட்டிலும் கைப்பேசி மணி ஒலிக்கிறது. 'நான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் பெயரில் வாரண்டு இருக்கிறது. உடனே பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்' என்கிறது ஒரு குரல். சேமநிதியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பணம் ஒரு பிற்பகலில் போய்விடுகிறது. மக்காவ் மோசடி என்று இதனைச் சொல்கிறார்கள். போலீசாரோ நீதிமன்றமோ தொலைபேசியில் பணம் கேட்கவே மாட்டார்கள் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்னோர் ஆபத்து நம் இளைஞர்களைத் தேடி வருகிறது. 'உன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடு; சில நூறு வெள்ளி தருகிறேன்' என்கிறான் ஒருவன். பையன் கொடுத்துவிடுகிறான். மோசடிப் பணம் அந்தக் கணக்கில் வந்து இறங்கி, சில நிமிடங்களில் வேறிடம் போய்விடுகிறது. மலாயில் இதனைக் கெல்டாய் அக்காவுன், அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். பொதி சுமந்த கழுதை அகப்பட்டுக் கொள்கிறது. பொதிக்கு உரியவன் தப்பிவிடுகிறான். விசாரணையாளர் பணத்தின் தடத்தைப் பின்தொடரும்போது முதலில் தட்டுவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கதவைத்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற பேச்சு இனி எளிதில் எடுபடாது. 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, தன் கணக்கையோ அட்டையையோ சட்டப்படி உரிமையில்லாமல் பிறர் கையில் கொடுப்பதே தனிக்குற்றமாக்கப்பட்டுள்ளது.

சிம் அட்டைக்கும் இது பொருந்தும். 2012-இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் இணையத் தொடர்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதன் வழியே வெளியானதை அவரே வெளியிட்டார் என்று சட்டம் முதலில் கருதும். இல்லையென்று காட்டும் சுமை அவர்மேல் விழுகிறது. நம் பாட்டன் பெருவிரலைப் பதிக்குமுன், 'ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்கத் தயங்கினார். கேட்டாலும் விளக்கிச் சொல்லும் ஆளில்லை. நமக்கு அந்தத் தடை இல்லை. நம் பெயரில் உள்ள எண்ணையும் கணக்கையும் பிறருக்குக் கொடுப்பது, வெற்றுத்தாளில் கைநாட்டுப் போட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஏமாற்றப்பட்டுவிட்டால் என்ன செய்வது? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுக்க விரைவு மிகத் தேவை. பிறகு பிரிக்பீல்ட்ஸோ, கிள்ளானோ, அருகிலுள்ள எந்தக் காவல் நிலையமோ, அங்கே சென்று புகார் கொடுங்கள். எந்த எண்ணிலிருந்து, எந்த நாள், எந்த மணிக்கு அழைப்பு வந்தது, எந்தக் கணக்குக்குப் பணம் போயிற்று என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத இயலாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதித் தரட்டும். கோபத்தாலோ அவமானத்தாலோ அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். கைப்பேசியைக் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து வைப்பது நல்லதே. ஆனால் மூலச் செய்தி கைப்பேசியிலேயே இருந்தால்தான் ஆய்வாளர் அதனை உறுதி செய்ய முடியும்.

விசாரணைக்காக உங்கள் வீட்டைச் சோதனையிட்டுக் கைப்பேசியை எடுத்துச் சென்றால், பதற வேண்டாம். சோதனையில் கைப்பற்றப்படும் பொருள்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். கேட்டால் அதன் பிரதியை வீட்டாருக்குத் தர வேண்டும். மரியாதையோடு கேட்டுப் பெறுங்கள். பொறுப்புத் தொடரின் முதற்கண்ணி அந்தப் பட்டியல். குற்றமற்றவருக்கு அதுவே பாதுகாப்பு.

பெற்றோர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல். இந்தத் துறைக்கு வேண்டியவை மூன்று: கணக்கு, மொழி, பொறுமை. 1024 அறைகளை அமைத்துத் தந்தது கணக்கு. கிடைத்ததை ஐயமின்றி எழுதி, நீதிமன்றத்தில் விளக்குவது மொழி. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கிடையே ஒன்றைத் தேடுவது பொறுமை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பனியில் நின்று, மரத்துக்கு மரம் ஒரே அளவாகப் பட்டை சீவிய மக்களின் பிள்ளைகளுக்குப் பொறுமையை நாம் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கணக்கையும் மொழியையும் பள்ளி தரும். பிள்ளை பள்ளிக்கு நாள் தவறாமல் வரும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.